வெந்நீர்க் கட்சி

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகள் ஒவ்வொன்றாகப் பழைய முகப்பை இடித்துவிட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று மாடி, நான்கு மாடி உயரத்துக்கு நீலக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி. மாட்டியவர்களில் ஒருவர்கூட அதை யார் துடைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அவர்களுக்காக அதை யோசித்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினான் பஞ்சாட்சரம்.

பிள்ளையார்பாளையத்துக்காரன். சிங்கப்பூரில் பல வருஷம் வானுயரக் கட்டடங்களின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தவன். ஊரில் எல்லோரும் அவனைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு பெயர் அமைந்ததைப் பற்றி அவனுக்கு வருத்தம் உண்டு. அவன் மனைவி அம்சாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

அவன் கொண்டுவந்த வித்தை எளிமையானதுதான். இழுக்க இழுக்க நீளும் ஃபைபர் கம்பு. அதன் முனையில் ஒரு பிரஷ். கம்புக்குள்ளேயே ஓடும் குழாய் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பிரஷ்ஷின் நடுவிலிருந்து பீய்ச்சும். தரையில் நின்றபடியே நான்காம் மாடிக் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். ஏணி வேண்டாம், சாரம் வேண்டாம், சோப்பும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. ஊர் போர்வெல் தண்ணீரை அப்படியே அடித்தால், காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பூத்துவிடும். அதனால் வீட்டுப் பின்கட்டில் தண்ணீரை வடிகட்ட ஒரு பெரிய ஃபில்டரை மாட்டி, உப்பெடுத்த தண்ணீரைக் கறுப்புத் தொட்டியில் நிரப்பி, ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனார்கள்.

வண்டி ஓட்டுவது அம்சா. சிங்கப்பூர் வரை போய்வந்தவனுக்குச் சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்ட வராது. "கப்பல்ல போனவரு, கியர் போட வராது" என்று அவள் சொல்வாள். அவன் போனது விமானத்தில். அதை எத்தனை முறை சொன்னாலும் அவள் கப்பலை விடுவதாக இல்லை.

தொழில் ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தில்லையம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். காந்தி ரோட்டிலேயே பெரிய கண்ணாடி அவருடைய கடைக்குத்தான். கணவர் காலமான பின் கடையைத் தனியாளாக நடத்தி, இப்போது அதை நான்கு மாடியாக உயர்த்தியிருந்தார். கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே கடையின் எல்லா மூலையையும் பார்த்துவிடக் கூடியவர்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தாம்பா. டை கட்டிக்கினு" என்றார் பஞ்சாட்சரத்திடம். "அவங்களது சுடுதண்ணி சிஸ்டமாம். கண்ணாடிக்கு அதுதான் நல்லதுன்றான். உங்களது இன்னா, பச்சத்தண்ணியா?"

"ஏம்மா, பச்சத்தண்ணி ஊத்தினா கண்ணாடிக்கு ஜலதோஷமா புடிச்சுக்கப் போவுது?" என்றாள் அம்சா.

தில்லையம்மாள் சிரித்தார். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுடுதண்ணியும் செய்லாம்மா. நம்மகிட்டயும் அந்த சிஸ்டம் வரப்போவுது" என்றான்.

அது அம்சாவுக்கே அப்போதுதான் தெரியும்.

வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தாள். "இன்னாங்க, எந்தக் கப்பல்ல வருது அந்த சிஸ்டம்?"

"நீ சும்மா இரு. எண்ணெய்ப் பிசுக்கு, புகை, காக்கா எச்சம் எல்லாம் சுடுதண்ணியில சட்டுனு எளகி வந்துரும். அவ்ளோ அழுத்தித் தேய்க்கத் தேவையில்ல. சிங்கப்பூர்ல எல்லாம்..."

"சிங்கப்பூர்ல வேணா அது சரி. நம்ம ஊர்ல கொழாய தொறந்தாலே சுடுது. இதுல காசு போட்டு வேற கொதிக்க வைக்கணுமா? கண்ணாடி கேட்டுச்சா, இல்ல நீங்க கேக்கறீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு குத்தல் இருந்தது. பஞ்சாட்சரம் பச்சைத் தண்ணீரில் குளிக்கிற ஜாதி இல்லை. அக்னி நட்சத்திரத்தில் தெருவே விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, அவன் வீட்டுக் குளியலறையிலிருந்து மட்டும் ஆவி கிளம்பும். அம்சாவோ மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொள்கிறவள். கல்யாணமான புதிதிலிருந்தே அந்த வீட்டில் இரண்டு கட்சி.

"சூடான கண்ணாடியில திடீர்னு ஜில்லுனு தண்ணி பட்டா விரிசல் வுடும், தெரியுமா?" என்றான் அவன்.

"அப்ப மார்கழியில ஜில்லுனு இருக்கற கண்ணாடியில கொதிதண்ணி பட்டா? பூ பூக்குமா?"

"கொதிக்கக் கொதிக்க யாராவது ஊத்துவாங்களா? கை பொறுக்கற சூடுதான்."

"கை பொறுக்கற சூடுன்னா நம்ம ஊரு கொழாத் தண்ணியேதான்" என்று கியரை மாற்றினாள்.

ஒரு வாரம் இதே பேச்சு. வழக்கமாக இரண்டாம் நாளே விட்டுக்கொடுத்துவிடுகிற மனிதன் இந்த முறை விடவில்லை என்பது அம்சாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அவனே போய், மாகறல் போகிற வழியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தேவசகாயத்தைப் பிடித்துவிட்டான். தேவசகாயம் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு வார்த்தைகளைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வந்தவன்.

"வாட்டர் ஹீட்டர்தானே? அசத்திடலாம் பஞ்சு" என்றான்.

அசத்தித்தான் இருந்தான். மூடிப்போன ஒரு டீக்கடையின் பித்தளை பாய்லரை வாங்கி, உள்ளே செம்புக் குழாயைச் சுருள் சுருளாகச் சுற்றி, அடியில் கேஸ் அடுப்பு வைத்து, வண்டியின் பின்பக்கம் நிறுத்தி வெல்டிங் செய்திருந்தான். ஃபில்டர் தண்ணீர் சுருளுக்குள் நுழைந்து சூடாகி வெளியே வரும். வேலை சுத்தம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கூம்பு மூடியும் வைத்து, விபூதிப்பட்டை வேறு இட்டிருந்தான். கிறிஸ்தவனாக இருந்தாலும் கஸ்டமரின் மனசு அவனுக்குத் தெரியும்.

அம்சா வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள்.

"நல்லாத்தான்ணா இருக்குது. பெஞ்சு எங்க போடறது?" என்றாள்.

"எதுக்குமா பெஞ்சு?" என்றான் தேவசகாயம்.

"டீ குடிக்க வர்றவங்க நின்னுக்கினா குடிப்பாங்க?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் பூக்கடைச் சத்திரம் பக்கம் வண்டியை நிறுத்தியதுமே ஒரு ஆட்டோக்காரர் வந்து, "ஒரு ஸ்ட்ராங் டீ, சக்கர கம்மி" என்றார். அடுப்பு எரிகிறது, பாய்லர் பளபளக்கிறது, ஆவி வருகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், கோயில் பார்க்க ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வரிசையாக நின்றது. பெரியவர் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு டீ இவ்வண்டி" என்றார்.

கொடுங்கள் என்று அவர் தெலுங்கில் மரியாதையாகக் கேட்டிருந்தார். அம்சா முகத்தை மாற்றாமல், "இவ்வண்டிதாங்க. ஆனா டீ இல்ல" என்றாள்.

அன்று மாலைக்குள் பிள்ளையார்பாளையம் முழுக்க, பஞ்சு டீக்கடை வைத்துவிட்டான் என்று செய்தி பரவியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து வடையும் உண்டா என்று விசாரித்தார். பஞ்சாட்சரம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். அம்சா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

வைகாசி கருட சேவை வந்தது. பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுக் காந்தி ரோடு வழியாகப் போகும் நாள். விடியற்காலையிலிருந்து ஜனம் ரோட்டில் நெருக்கியடித்தது. கடைக்குக் கடை பானகமும் நீர்மோரும் கொடுத்தார்கள். கூட்டம் கண்ணாடிமேல் சாய்ந்தது, குழந்தைகளின் பானகக் கைகள் கண்ணாடியைத் தடவின, கற்பூரப் புகை மாடி வரை ஏறிப் படிந்தது. எல்லாம் முடிந்தபோது தில்லையம்மாள் கடையின் நீலக் கண்ணாடி, நீலம் என்று சொன்னால்தான் நம்பலாம் என்கிற நிலையில் இருந்தது.

"நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லி அனுப்பினார். "எடது பக்கம் சுடுதண்ணி, வலது பக்கம் பச்சத்தண்ணி. நானே பாத்துக்கறேன் எது தேவலைன்னு. அதுக்கப்புறம் வருஷம் பூரா உங்களுக்குத்தான் வேலை."

மறுநாள் காலை, எதிர் நடைபாதையில் நாற்காலி போட்டு, குடையை விரித்து, தில்லையம்மாள் உட்கார்ந்தார். கடைப் பையன்கள், பூக்காரிகள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டமும் சேர்ந்துவிட்டது. இரண்டு கட்சியும் இரண்டு கம்போடு களத்தில் இறங்கின. இடப்பக்கம் பாய்லர் தண்ணீரோடு பஞ்சாட்சரம். வலப்பக்கம் தொட்டித் தண்ணீரோடு அம்சா.

அம்சா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேகமாக ஆரம்பித்தாள். மேல் மாடியிலிருந்து கீழே வரவேண்டும் என்பது முறை. கம்பை முழு நீளத்துக்கு இழுத்து, தலைக்குமேல் தூக்கி, தேய்த்தாள். பானகக் கறைதான் அடம்பிடித்தது. மற்றதெல்லாம் கரைந்து ஓடியது. நடுவில் இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவன் பிரஷ் இன்னும் முதல் மாடியைத் தாண்டவில்லை. கம்பை இடது கையால் பிடித்திருந்தான்.

"இன்னாங்க, கண்ணாடிய துடைக்கறீங்களா, ஒத்தடம் குடுக்கறீங்களா?" என்று குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் இடப்பக்கம் ஆளையே காணோம். கம்பு மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று அம்சா வண்டிக்குப் பின்னால் போனாள்.

பஞ்சாட்சரம் வண்டியின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கம்பிலிருந்து கழற்றிய குழாயை இடது கையில் பிடித்து, வெந்நீரைத் தன் வலது தோளின்மேல் விட்டுக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தான். பல்லைக் கடித்தபடி வலது கையை மெதுவாக உயர்த்தப் பார்த்தான். கை மார்பு வரைதான் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

அம்சா வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

மறுபடியும் கம்பை எடுத்தபோது அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சில மாதமாக அவன் சட்டையை முதலில் இடது கையில் மாட்டுவதில்லை. வலது கையை மாட்டிக்கொண்டுதான் மற்றதை மாட்டுகிறான். பரண்மேலிருந்து அண்டாவை எடுக்கச் சொன்னால், நாளைக்கு என்கிறான். பஸ்ஸில் நின்றால் மேலே இருக்கிற கம்பியைப் பிடிப்பதில்லை. அவளும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் சொல்லியிருந்தாள். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை என்று அவன் வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னது கண்ணாடியைப் பற்றி மட்டும் அல்ல என்பது இப்போதுதான் உறைத்தது.

ஒருவழியாக, அவனும் இடது கையாலேயே மேல் மாடி வரை தேய்த்துவிட, இரண்டு பக்கமும் முடிந்தது. தில்லையம்மாள் குடையோடு ரோட்டைக் கடந்து வந்தார். இடப்பக்கத்தை மூக்கு ஒட்டப் பார்த்தார். வலப்பக்கத்தையும் அப்படியே பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்பா இருக்குது" என்றார் ஏமாற்றத்தோடு.

பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து பஞ்சாட்சரத்தின் குழாயில் கையை நீட்டினார். "ம், சுடுது." அம்சாவின் குழாயில் நீட்டினார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "அடிப்பாவி, இது அதவிட சுடுதே!"

அம்சாவும் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான். கேஸ் தீர்ந்து பாய்லர் அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது; அவன் குழாய் வண்டி நிழலில் கிடந்தது. கறுப்புத் தொட்டி காலையிலிருந்து வைகாசி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவளுடைய கறுப்புக் குழாய் தார்ரோட்டில் கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. கை பிடித்திருந்தது கம்பை மட்டும்தான் என்பதால், தண்ணீரின் சூட்டை வேலை மும்முரத்தில் அவள் கவனிக்கவில்லை.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். தில்லையம்மாள் நாற்காலிக்குத் திரும்பக்கூடத் தெம்பில்லாமல் அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தார். "நானும் பச்சத்தண்ணி, சுடுதண்ணின்னு போட்டி வெச்சேன் பாரு. வைகாசி மாசம் காஞ்சிபுரத்துல பச்சத்தண்ணிக்கு எங்கப்பா போவறது?"

சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டார். "சரி, நீங்களே சொல்லுங்க. வருஷம் பூரா எது வெச்சுக்கலாம்?"

"பச்சத்தண்ணியே போதும்மா" என்றான் பஞ்சாட்சரம். அவன் களைத்திருந்தான்.

"சுடுதண்ணிதாம்மா" என்றாள் அம்சா அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா குடும்பம்பா இது" என்றார் தில்லையம்மாள். "காலையில வேற மாதிரி இல்ல இருந்துச்சு?"

"இல்லம்மா," அம்சா அவசரமாகச் சொன்னாள். "ஐப்பசியில மழ புடிச்சா இந்த வெயில் எங்க இருக்குது? மார்கழியில ஐயப்பசாமிங்க, டூரிஸ்ட்டுங்கன்னு கூட்டம் அள்ளும். அப்ப வெடியகாலையில வந்து பச்சத்தண்ணியில கை வெச்சா என் விரல் எல்லாம் மரத்துப் பூடும். எனக்கு ஜில்லுன்னாலே ஆவாது."

பஞ்சாட்சரம் மார்கழியில் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவளின் முகத்தைப் பார்த்தான். குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான்.

வேலை அவர்களுக்கே என்று முடிவானது.

வண்டி கச்சபேஸ்வரர் கோயிலைத் தாண்டியது. பிறகு அம்சா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"எது?"

"தோளு."

அவன் வெளியே பார்த்தான். "பொங்கலுக்கு அப்புறம். மொதல்ல லேசாதான் வலிச்சுது."

"என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

"கைய தூக்க முடியாதவன் கண்ணாடி தொடைக்கறேன்னு எப்படிச் சொல்றது?" என்றான். "அதுவும் இல்லாம, சொன்னா நீ கிண்டல் பண்றத நிறுத்திருவ. அது நல்லா இருக்காது" என்றான்.

முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. அம்சாவும் போட்டாள். பின்னால் பாய்லர் மூடி டங்கென்று சத்தம் போட்டது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த பயமே வாணாம்" என்றாள். "பண்றதுக்கு இன்னும் நெறைய கெடக்குது."

மறுநாளே அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது, மெதுவாகத்தான் சரியாகும் என்றார் டாக்டர். பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபிப் பெண் தினமும் செய்யச் சொல்லி ஒரு பயிற்சி கற்றுக்கொடுத்தாள். சுவரை ஒட்டி நின்று, வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, எறும்பு ஊர்வதைப்போல மேலே மேலே ஏற்ற வேண்டும். எங்கே வலிக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் உயரம்.

அதற்குப் பிறகு வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. மேல் மாடிகள் அம்சாவுக்கு. கீழ்மாடியும் பாய்லரும் பஞ்சாட்சரத்துக்கு. வெயில் கொளுத்துகிற மாதங்களில் அடுப்பைப் பற்றவைக்காமல் சூரியனிடமே விட்டுவிட்டார்கள். மழை ஆரம்பித்ததும் பாய்லர் எரிந்தது. வெந்நீரில் பிசுக்கு சீக்கிரம் விடுகிறது என்பதை அம்சா ஒப்புக்கொண்டாள், அவன் பக்கத்தில் இல்லாத நேரங்களில்.

பயிற்சியை மட்டும் அவன் வீட்டில் செய்ய மறுத்தான். சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறதாம். வழவழப்பாக ஒன்று இருந்தால் விரல் நன்றாக ஏறும் என்று அவனுக்கு ஒரு யோசனை. கார்த்திகை மாதம் ஒரு காலையில், தில்லையம்மாள் கடையின் முகப்பை இருவரும் பளிங்குபோலக் கழுவி முடித்திருந்தார்கள். அம்சா குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கடைக்குள்ளிருந்து தில்லையம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது.

"பஞ்சாட்சரம்! இன்னாப்பா பண்ணிக்கினு இருக்கற அங்க?"

அம்சா திரும்பிப் பார்த்தாள். பஞ்சாட்சரம் கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். ஈரம் காயாத அந்தப் பளபளப்பில் அவன் இடுப்பு உயரத்திலிருந்து ஐந்து ஐந்தாக விரல் ரேகைகள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. மார்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, நெற்றிக்கு நேரே வந்து நின்றிருந்தன. அவன் திரும்பாமல், கையை எடுக்காமல், அங்கேயே நின்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம்மா" என்று உள்ளே பார்த்துக் கெஞ்சினாள் அம்சா. "இன்னும் ஒரு விரக்கடை ஏறட்டும். நானே தொடைச்சுடறேன்."